ஏழு ஃபெம்டோவும் என் கைராசியும்

17 செப்டம்பர் 2018, திங்கள். மிலான்

ரயில் பதினெட்டு நிமிடம் தாமதம். ஆய்வுக்கூடத்தில் பையைக் கீழே வைப்பதற்குள் புரொபஸர் கல்புசேரா வாசலிலேயே நின்றுகொண்டிருக்கிறார். அவருக்குப் பின்னால் ஜெர்மனியின் யேனாவிலிருந்து வந்த இரண்டு விருந்தாளிகள்.

"வந்துட்டா, வந்துட்டா! காலைலேர்ந்து பதினஞ்சுக்குக் கீழ இறங்கவே மாட்டேங்குது. நீ வந்து கையை வைம்மா."

கோட்டைக் கழற்றி, செருப்பை மாற்றி, உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம். பதினைந்து ஃபெம்டோ வினாடியாக இருந்த ஒளித்துடிப்பு ஏழுக்கு வந்தது. வினாடியின் பத்துக் கோடிக் கோடியில் ஒரு பங்குதான் ஒரு ஃபெம்டோ. திரையில் இரண்டு பக்கமும் சிறகு முளைத்துக் கிடந்த புள்ளி, முட்டை மாதிரி உருண்டது. விருந்தாளிகளில் உயரமானவர் கைதட்டினார். புரொபஸர் அவரிடம், "ஆறு வருஷமா பாக்கறேன். இதுக்கு விளக்கமே கிடையாது. கைராசி!" என்றார்.

எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. அதுதான் அசிங்கம். காலையில் திரியெஸ்தே ஸ்டேஷனில் என் கோட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்று அழுத என் எட்டு வயது மகளை மறந்து, கைதட்டலுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

18 செப்டம்பர்

திரியெஸ்தேயிலிருந்து கடிதம் வந்துவிட்டது. அங்குள்ள ஒளிக்கூடத்தில் நிரந்தர வேலை. ஜனவரி ஏழில் சேர வேண்டும். நவம்பர் முப்பதுக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். என் கணவன் லிவியோவுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்து அவனும் மகள் தோஸ்காவும் அங்கே போய் இரண்டு வருஷம் ஆகிறது. நான் மட்டும் திங்கள் காலை மிலான், வெள்ளி மாலை திரியெஸ்தே, பந்து மாதிரி.

கடிதத்தைப் புரொபஸரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "நான் தடுப்பேனா? தாராளமா போ. ஒரே ஒரு ஆளுக்குக் கத்துக்குடுத்துட்டுப் போ. செவெரினாவுக்குச் சொல்லிக்குடு. அவளுக்கு ஏழு வந்த அன்னிக்கு நானே உன்னை ரயிலேத்தி விடறேன்."

இதைவிட நியாயமாக ஒரு மனிதர் பேச முடியுமா? அப்புறம் ஏன் எனக்கு மூச்சு முட்டுகிறது?

20 செப்டம்பர்

போனில் தோஸ்கா: "அங்க நீ என்னதாம்மா பண்றே?"

சொன்னேன். ஒளித்துடிப்பு என்பது எல்லா நிறமும் சேர்ந்து கிளம்புகிற ஒரு கூட்டம். போகிற வழியில் கண்ணாடித் துண்டுகள் வரும். அவற்றுக்குள் சிவப்பு முந்திவிடும், நீலம் பின்தங்கும், கூட்டம் நீண்டுவிடும். அதைக் கொண்டுபோய் ஒரு விசேஷமான முகக்கண்ணாடி ஜோடியில் மாற்றி மாற்றி அடித்துத் திருப்புவோம். அதன் மேல் எழுபது எண்பது மெல்லிய பூச்சு. நீலம் மேல் பூச்சிலேயே திரும்பிவிடும். சிவப்பு ஆழம் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பும். கடைசியில் எல்லாரும் ஒன்றாக வந்து சேருவார்கள், துடிப்பு மறுபடி குட்டையாகிவிடும்.

"அப்ப நீ முன்னாடி ஓடுற பிள்ளைங்களைப் பிடிச்சு நிறுத்தற டீச்சரா?"

"அப்படித்தான்னு வெச்சுக்கோயேன்."

"அது நியாயமே இல்ல. வேகமா ஓடுனது அவங்க தப்பா?" "நீ எப்ப வருவே?"

"நாளைக்கு வெள்ளிக்கிழமைதானே."

"அது வர்றது இல்லம்மா. அது பாக்க வர்றது."

27 செப்டம்பர்

செவெரினாவோடு நான்காவது நாள். சிசிலிக்காரி, இருபத்தேழு வயது, வாய் கொஞ்சம் நீளம், மூளை அதைவிட நீளம். வரைபடத்தில் உள்ளபடியே செய்கிறாள். இரண்டு கண்ணாடியும் ஒரே சாய்வில், ஏழு டிகிரியில். ஒவ்வொன்றிலும் ஆறு தடவை அடித்துத் திருப்புகிறாள். எல்லாம் சரி. வந்தது பதிமூன்று, சிறகோடு.

நான் உட்கார்ந்தேன். ஏழு.

"என்ன பண்ணீங்க இப்ப?"

"ஒண்ணும் பண்ணலை. திரையைப் பாத்துக்கிட்டே லேசா நகர்த்தினேன்."

"எவ்ளோ லேசா?"

"லேசான்னா லேசாதான்."

"ஓர்னெல்லா, நீங்க எங்க அம்மா மாதிரி பேசறீங்க. 'உப்பு எவ்ளோம்மா?' 'தேவையான அளவு.'"

சிரித்தேன். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவளுக்கு வரவில்லை என்று ஒரு சந்தோஷம்.

9 அக்டோபர்

பன்னிரண்டு. சிறகோடு.

10 அக்டோபர்

பதினான்கு. செவெரினா சாப்பிட வரவில்லை.

12 அக்டோபர், வெள்ளி

இன்று அவள் குனிந்து அளவுகோல் வைத்துப் பார்த்துவிட்டு, "நீங்க சரி பண்ணி முடிச்சப்புறம் ரெண்டாவது கண்ணாடி கோணலா நிக்குது, பாத்தீங்களா? ஒண்ணு நேரா இருக்கு, இன்னொண்ணு நல்லா சாஞ்சிருக்கு. படத்துல ரெண்டும் ஒரே மாதிரில்ல போட்டிருக்கு?" என்றாள்.

"அது கோணல் இல்ல. அது அப்படித்தான் நிக்கும்."

"ஏன்?"

"ஏன்னா அப்பதான் வருது!"

கத்திவிட்டேன். அவள் போனில் படம் எடுத்து, படத்தைப் பார்த்து அதே மாதிரி சாய்த்து வைத்தாள். பதினொன்று. நான் ஒரு திருகை மூச்சுவிடுகிற அளவு தொட்டேன். ஏழரை. அவள் எழுந்து கழிவறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

ரயிலில் எழுதுகிறேன். வெரோனா தாண்டியாகிவிட்டது. உட்கார இடமில்லை.

16 அக்டோபர், செவ்வாய்

வாராந்தரக் கூட்டம். செவெரினா எழுந்து, "ஒண்ணு நான் முட்டாளா இருக்கணும், இல்ல அந்தக் கண்ணாடிங்க முட்டாளா இருக்கணும். கழட்டித் தனித்தனியா அளந்து பாத்துடலாம்" என்றாள்.

அந்தக் கண்ணாடிகளில் ஒரு விவகாரம் உண்டு. எந்தக் கண்ணாடியும் எல்லா நிறத்தையும் ஒழுங்காகத் தாமதிக்காது. மேடும் பள்ளமுமாய் இருக்கும். அதனால் இரண்டு வகையாகச் செய்து ஜோடியாகத் தருவார்கள், ஏ என்றும் பி என்றும். ஏ மேடாக இருக்கும் இடத்தில் பி பள்ளமாக இருக்கும். ஒன்றின் குறையை இன்னொன்று நிரப்பிவிடும். 2012-இல் இரண்டு ஜோடி வாங்கினோம். ஒன்று மேசையில், ஒன்று இழுப்பறையில்.

நான்தான் மறுத்தேன். கழற்றி அளந்து மறுபடி சேர்க்க இரண்டு நாள் போய்விடும், அடுத்த வாரம் அளவெடுப்பு இருக்கிறது என்றேன். காரணம் பொய்யில்லை. ஆனால் அது காரணமும் இல்லை.

புரொபஸர் சிரித்துக்கொண்டே, "கண்ணாடியைக் குறை சொல்லாதே செவெரினா. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

22 அக்டோபர்

புரொபஸர் காப்பி இயந்திரத்தின் அருகே பிடித்துக்கொண்டார். "பாத்தியா? ஒரு மாசம் ஆச்சு, அவளுக்கு வரலை. நான் என்ன பண்ணட்டும் சொல்லு. உன்னைப் போகவிட்டா ஒம்போது பேர் வேலை நின்னுடும்." நல்ல மனிதர். திட்டினால் நானும் திட்டிவிட்டுப் போயிருப்பேன். கெஞ்சுகிறவரிடம் என்ன செய்வது? ஆப்பசைத்த குரங்கு நான். ஆப்பை அசைத்ததும் நானே.

26 அக்டோபர், வெள்ளி

நாடு முழுக்க வேலைநிறுத்தம். ரயில் இல்லை. தோஸ்காவிடம் சொன்னபோது "தெரியும்" என்று மட்டும் சொல்லி அப்பாவிடம் போனைக் கொடுத்துவிட்டாள்.

அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு ஆய்வுக்கூடத்துக்கே போகலாம் என்று நடந்து போனேன். ஒரு ஆள் இல்லை. வாசல்காரர்கூட இல்லை. எனக்கு என்ன தோன்றியதோ, கண்ணாடிகளைக் கழற்றினேன். செவெரினா கேட்டதை அவளில்லாதபோது செய்கிறேன், கோழை. கழற்றித் தனித்தனியாக வெள்ளை ஒளியில் வைத்து அளந்தேன்.

முதல் கண்ணாடி ஏ.

இரண்டாவது கண்ணாடி... மறுபடி அளந்தேன். மூன்றாவது தடவையும் அளந்தேன். அதுவும் ஏ.

இழுப்பறையில் இருந்த ஜோடியை எடுத்தேன். இரண்டுமே பி.

ஞாபகம் வந்துவிட்டது. 2012, மே மாதம். பெட்டி வந்த அன்று. கண்ணாடி ஓரத்தில் பேனாவால் ஏ, பி என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். ஒன்றில் கைரேகை பட்டிருந்தது. சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நாலையும் அசிட்டோனால் துடைத்தேன். எழுத்தும் சேர்ந்து போய்விட்டது. எது எது என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன்! நானே எழுதினேன். நானே! மனசிலிருந்து!

ஆறு வருஷமாக மேடும் மேடும், பள்ளமும் பள்ளமும். வரைபடத்தின்படி வைத்தால் யாருக்குமே வராது. யாருக்கு வரும்? திரையைப் பார்த்துக்கொண்டே நான் ஒன்றைச் சாய்த்துச் சாய்த்து, சாய்வு மாறினால் மேடு கொஞ்சம் நகரும், அதன் பள்ளத்தில் இதன் மேட்டை உட்காரவைத்து... அதுதான் கைராசி. அதுதான் விளக்கமில்லாத என் கைராசி. நான் செய்த தப்பைத் தினமும் நானே சரிசெய்துகொண்டிருந்திருக்கிறேன், அதற்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டு.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். சரி. ஆனால் குடைந்தது செவெரினாவை அல்லவா?

27 அக்டோபர், சனி

ரயில் ஓடுகிறது. நான் போகவில்லை. ஒரு ஏ, ஒரு பி. வரைபடத்தில் உள்ளபடி ஏழு டிகிரி. சேர்த்து முடிக்க மதியமாகிவிட்டது. சேர்த்தபின் சரிசெய்ய அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஆறு புள்ளி இரண்டு. ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் ஆறைப் பார்த்ததில்லை.

திரையில் அவ்வளவு அழகான உருண்டை. திரையை அணைத்துவிட்டேன்.

29 அக்டோபர், திங்கள்

யாரிடமும் சொல்லவில்லை.

செவெரினா பத்து மணிக்கு உட்கார்ந்தாள். பதினொன்றே காலுக்கு ஒரு அலறல். மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்துவிட்டார்கள். "ஆறு புள்ளி மூணு! மடோன்னா மாதாவே, ஆறு புள்ளி மூணு!" என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். "நீங்க சொன்னீங்களே, கையை இலகுவா வெச்சுக்கன்னு! இன்னிக்குத்தான் புரிஞ்சுது!"

அப்படி ஒன்றும் இல்லை பெண்ணே. அவளுக்கு வெற்றி, எனக்கு விடுதலை, புரொபஸருக்கு ஆள். யாருக்கு என்ன நஷ்டம்? ஒருத்தருக்கும் இல்லை. இப்படியே விட்டுவிட்டால் ஜனவரியில் மாலை மரியாதையோடு ரயிலேறலாம்.

31 அக்டோபர்

மாலை மரியாதை கேட்டேன் அல்லவா. வந்தது.

புரொபஸர் அறைக்குக் கூப்பிட்டார். கேக் வாங்கி வைத்திருந்தார். "ஒரு மாசத்துல ஒரு பொண்ணை உன்னையே மிஞ்ச வெச்சுட்டே! கைராசி மட்டும் இல்ல, சொல்லிக்குடுக்கற ராசியும் உனக்கு இருக்கு. ஜனவரில ரெண்டு பேர் புதுசா வர்றாங்க. ரெண்டாவது அறையில இதே மாதிரி இன்னொண்ணு கட்டறோம். ஒரே ஒரு வருஷம் இருந்து அவங்களையும் தயார் பண்ணிடு. திரியெஸ்தே டைரக்டர் என்கிட்டப் படிச்சவன்தான். பேசிட்டேன். ஒரு வருஷம் காத்திருப்பாங்களாம்."

"என்னைக் கேக்காமலேயா?"

"உன் நல்லதுக்குத்தானேம்மா."

கேக்கைத் தின்றேன். தின்றுவிட்டு "யோசிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். புலிவாலை விட்டுவிட்டு ஓடலாம் என்று பார்த்தால் இன்னொரு புலியையும் கட்டிவிட்டார்கள்.

1 நவம்பர், வியாழன். திரியெஸ்தே

புனிதர் திருநாள் விடுமுறை. காற்று ஜன்னலை உலுக்குகிறது. லிவியோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினான்.

"கண்ணாடியை மாத்திப் போட்டே. அவ்ளோதானே? கொலையா பண்ணே? சொல்லிட்டு வா."

"சொன்னா அப்புறம் நான் யாரு அங்க? ஆறு வருஷமா ஊரெல்லாம் என் கையைப் பத்திப் பேசிட்டு..."

"அங்க யாருன்னு எனக்குத் தெரியாது. இங்க யாரும் உன் கைராசியைக் கேக்கலை. உனக்கு ஒழுங்கா சூப்பே வைக்கத் தெரியாது."

சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அவன் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, சிரிக்காமல் சொன்னான்: "ஒரு வருஷம்னா இந்தத் தடவை நான் சரின்னு சொல்ல மாட்டேன், ஓர்னெல்லா. ரெண்டு தடவை சொல்லியாச்சு."

6 நவம்பர், செவ்வாய். மிலான்

சொல்லிவிட்டேன்.

கூட்டத்தில் ஒன்பது பேர். நாலு கண்ணாடியின் அளவையும் திரையில் போட்டேன். அசிட்டோன் கதையைச் சொன்னேன். மேசையில் இருந்தது இரண்டுமே ஏ என்று சொன்னேன். இருபத்தேழாம் தேதி நானே மாற்றி வைத்ததையும், இருபத்தொன்பதாம் தேதி வாயைத் திறக்காமல் நின்றதையும் சொன்னேன். அந்தக் கடைசி வாக்கியம் யாருக்கும் கேட்கவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி சொன்னேன்.

முதலில் பேசியது செவெரினா. "அப்ப நான் ஒரு மாசம் கக்கூஸ்ல போய் அழுதது எதுக்கு?"

"என் தப்புக்கு."

"அன்னிக்கு உங்களைக் கட்டிப்பிடிச்சேனே. அப்பவும் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

அவள் எழுந்து பலகை அருகே போனாள். வெளியே போய்விடுவாள் என்று நினைத்தேன். சாக்பீஸை எடுத்து இரண்டு வளைகோடு போட்டாள், ஒன்றைத் தள்ளி ஒன்று. "ஒரே கண்ணாடியை ரெண்டு சாய்வுல வெச்சு மேடுபள்ளத்தை அடைக்கறது வேணும்னே செய்யற வித்தை. அதுக்குன்னே கண்ணாடி பண்றாங்க. இவங்க அதைத் தெரியாமலே ஆறு வருஷம் கண்ணால பாத்துக் கையால செஞ்சிருக்காங்க. இதைப் பாராட்டறதா திட்டறதான்னு எனக்குத் தெரியலை. இன்னிக்குத் திட்டறேன்." சாக்பீஸைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

புரொபஸர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "துடிப்பு எவ்ளோங்கறதை ஒவ்வொரு தடவையும் அளந்துதான் போட்டோம். அது நிக்கும். கண்ணாடி ஜோடியைப் பத்தி எழுதின வரி தப்பு. எல்லாக் கட்டுரையிலயும் திருத்தம் போடணும். நீ எழுது" என்றார். கதவு வரைக்கும் போய்த் திரும்பினார். "ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனேம்மா."

அதற்குத்தான் அழுதேன்.

9 நவம்பர்

திருத்தம் நாலு கட்டுரைக்கு. "எங்கள் கவனக்குறைவால்" என்று எழுதினேன். அடித்துவிட்டு "முதல் ஆசிரியரின் கவனக்குறைவால்" என்று என்னைக் குறிப்பிட்டு எழுதினேன். புரொபஸர் அதை மறுபடி "எங்கள்" என்று மாற்றி அனுப்பியிருக்கிறார். குறிப்பு எதுவும் எழுதவில்லை.

14 நவம்பர்

செவெரினா என்னிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறாள். நான் "ஸ்பானர்" என்றால் "இந்தாங்க." அவ்வளவுதான். தகும் எனக்கு.

19 நவம்பர்

புரொபஸரின் அறை. "திரியெஸ்தேக்கு ஜனவரியிலேயே போறேன்" என்றேன். ஒரு மாதமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்திருந்தேன். அவர் இப்படிச் சொன்னால் நான் இப்படி, அவர் அப்படிச் சொன்னால் நான் அப்படி.

"சரி, ஜனவரி" என்றார். கணினியிலிருந்து தலையை எடுக்கவில்லை.

ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் வாயிலேயே நின்றுவிட்டது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "இரேன்" என்று சொல்லியிருக்கலாமே. என்ன ஜென்மம் நான்! கூண்டைத் திறந்துவிட்டால் ஏன் திறந்தாய் என்று கேட்கிறேன்.

30 நவம்பர்

கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

20 டிசம்பர்

கடைசி நாள். செவெரினா வரைபடத்தைப் புதிதாக வரைந்து சுவரில் ஒட்டியிருக்கிறாள். கண்ணாடி ஒவ்வொன்றின் அளவும் தேதியும் அதில் இருக்கிறது. கீழே சின்ன எழுத்தில் இரண்டாவது ஒரு படம்: இரண்டு ஏ, ஒன்று நேராக, ஒன்று சாய்ந்து. அதன் பக்கத்தில் "ஓர்னெல்லா முறை. அவசரத்துக்கு மட்டும்."

"கிண்டலா?" என்று கேட்டேன்.

"பாதி" என்றாள். வாசல் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

15 ஜனவரி 2019, செவ்வாய். திரியெஸ்தே

புது வேலையில் ஏழாவது நாள். இன்னும் எனக்கு அங்கே காப்பிக் கோப்பை எந்த அலமாரியில் என்றுகூடத் தெரியவில்லை. என்னைக் கேட்காமலே எல்லாம் நடக்கிறது.

மூன்று மணிக்குச் செவெரினாவிடமிருந்து ஒரு படம். திரை, உருண்டை, ஐந்து புள்ளி எட்டு. கீழே "புது ஆள் பண்ணான். ஒரு மணி இருபது நிமிஷம்." கேள்வி எதுவும் இல்லை. இன்னும் ஏதாவது வருமா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. "நல்லா இருக்கு" என்று அனுப்பினேன்.

நாலரைக்குப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். வெள்ளிக்கிழமைகளில் ரயிலிலிருந்து நேரே இங்கே வந்தால் தோஸ்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்வாள். இன்று வந்தாள். தோழியிடம் எதையோ காரசாரமாகச் சொல்லிக்கொண்டே என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பையைக் கழற்றி என் கையில் திணித்துவிட்டு, இருவரும் பேசிக்கொண்டே முன்னால் நடந்தார்கள். பை நல்ல கனம். நான் பின்னால் நடந்தேன்.